சோடா மூடித் தராசு

மருமகள் மலையிலிருந்து வந்து இடுப்புப் படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "தண்ணிக்கின்னு இன்னைக்கு மூணு கிலோ வெட்டிட்டாங்க" என்றாள், யாரிடம் என்றில்லாமல். அடுப்படியில் குந்தியிருந்த என் பேத்தி தலையைத் தூக்கினாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

"ஒரு நாள் கொழுந்துல மூணு கிலோ தண்ணி இருக்குமா, தாத்தா?"

தோட்டப் பாடசாலையில் முப்பது வருடம் பாடம் சொன்னவன் நான். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை நான் ஒரு நாளும் கேட்டதில்லை என்பதுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. என் அம்மாவுக்கும் தண்ணிக்கு வெட்டினார்கள். அக்காவுக்கும் வெட்டினார்கள். கூடைக்கு இவ்வளவு, படங்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழித்தபின் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, வேண்டிய கிலோ குறைந்தால் அரைப் பேர். பனியும் குளிரும்போல அதுவும் மலையோடு வந்தது என்று இருந்துவிட்டோம். சங்கத்திடம் போயிருக்கிறோம், தராசடியில் சண்டை பிடித்திருக்கிறோம். நிறுத்துப் பார்த்ததில்லை.

அது 2020. மார்ச்சில் கொரோனாவுக்காக இலங்கையில் பாடசாலைகளை மூடியிருந்தார்கள். ஊரடங்கிலும் தேயிலை நிற்கவில்லை. பெரியவர்கள் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போனார்கள், பிள்ளைகள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தார்கள். பாடம் கைபேசியில் வரும் என்றார்கள். எங்கள் லயத்தில் அதற்குத் தோதான கைபேசி இரண்டு வீட்டில்தான் இருந்தது. சிக்னல் கிடைத்தது கோயிலுக்குப் பின்னால் உள்ள மேட்டில். பெரிய பிள்ளைகள் அங்கே ஏறிப்போய் யூக்கலிப்டஸ் மரத்தடியில் நின்று படித்தார்கள். சின்னவர்களுக்கு மிஞ்சியது வாசலும் என்னைப் போன்ற கிழடுகளும்தான்.

மறுநாள் தராசு செய்ய உட்கார்ந்தோம். ஒரு முழ நீள மூங்கில் சிம்பு, நடுவில் ஒரு துளை, இரண்டு முனையிலும் நூலில் தொங்கும் சிரட்டை. சிம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. மறுபக்கச் சிரட்டையின் அடியில் களிமண்ணை ஒட்டுவதும் கிள்ளுவதுமாக அதை மட்டத்துக்குக் கொண்டுவர அவளுக்கு அரை நாள் பிடித்தது. நான் கை வைக்கவில்லை. வகுப்பறையில் இருந்த காலத்தில் இந்தப் பொறுமை எனக்கு இருந்ததில்லை. பிள்ளையின் கையிலிருந்து சாமானை வாங்கிச் சரிசெய்து திருப்பிக் கொடுத்துவிடுவேன். பாடம் நேரத்துக்கு முடியும். பிள்ளையின் கைக்கு ஒன்றும் மிஞ்சாது.

எடைக்கல் இல்லை, சோடா மூடிகள் இருந்தன. ஒரு மூடி எத்தனை கிராம் என்று தண்ணீரைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இருமல் மருந்தோடு வருகிற சின்னக் கிண்ணத்தில் பத்து மில்லிலீற்றர் கோடு இருக்கிறது. பத்து மில்லிலீற்றர் தண்ணீர் பத்து கிராம். அதை ஒரு சிரட்டையில் ஊற்றினால் மறுபக்கத்தில் நாலு மூடி போதவில்லை, ஐந்து கூடிப்போனது. அப்படியே ஐந்து கிண்ணம் ஊற்றியபோது இருபத்து மூன்று மூடியில் சிம்பு மட்டமாக நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். எங்கள் வீட்டுக்கு ஒரு எடைக்கல் கிடைத்துவிட்டது.

மழை பெய்த பொழுதில் லயத்துக் கோடியில் காடாய் விட்ட தேயிலைச் செடியிலிருந்து ஒரு பிடி கொழுந்து கிள்ளி வந்தாள். ஈரத்தோடு நிறுத்தபோது முப்பத்தொரு மூடி. பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுத்து மறுபடி வைத்தபோது இருபத்தாறு. ஐந்து மூடி தண்ணீர். முப்பத்தொன்றுக்கு ஐந்து என்றால் பதினெட்டுக் கிலோவுக்கு எவ்வளவு என்ற கணக்கை நான் போட்டேன். மூன்று கிலோவுக்குக் கிட்ட வந்தது.

மருமகள் எட்டிப் பார்த்தாள். "அப்ப அவங்க வெட்டினது சரிங்களா, மாமா?"

அந்த மழைக்குச் சரிதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தராசு சொல்லிவிட்டது. நாலாம் நாள் நல்ல வெயில். அதே செடி, அதே ஒரு பிடி. ஒற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரு மூடி வித்தியாசமும் இல்லை. அன்று சாயங்காலம் மருமகள் வந்தபோது பேத்தி வாசலிலேயே நின்று கேட்டாள்: "தண்ணிக்கு எவ்வளவு வெட்டினாங்க?" இரண்டு கிலோ. எங்களுக்கு அநியாயம் என்று மட்டும் தெரிந்திருந்தது. எந்த நாளில் அநியாயம், எந்த நாளில் இல்லை என்று ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் சிரட்டைதான் பிரித்துக் காட்டியது.

வீட்டில் பிள்ளைகளோடு செய்யும் விஞ்ஞானம் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தச் சிரட்டைதான் நினைவுக்கு வருகிறது. தோட்டத்தில் எல்லாமே அளவுக்கு உட்பட்டது. 1823ஐ ஒட்டிக் கோப்பிக்காகக் கடல் தாண்டி நடந்து வந்த காலத்திலிருந்து எங்களை எண்ணியிருக்கிறார்கள். செக்ரோல் என்ற வருகைப் பதிவில் பேர், தராசில் கொழுந்து, ஏக்கருக்கு இத்தனை ஆள். பிள்ளை பிறந்தால் கிளினிக்கில் நிறுக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று கண்டது. அந்த எண் வேண்டியது; அதை எடுத்தவர்கள் நல்லதுதான் செய்தார்கள். ஆனாலும் எங்கள் பிள்ளை தொட்டில் நாளிலிருந்து தராசில் ஏறுகிற பிள்ளையாகவே வளர்கிறது. தராசுக்கு இந்தப் பக்கம் நின்று முள்ளைப் பார்க்கும் வேலை அதற்கு வாய்ப்பதில்லை. பழைய துரைமார் பங்களாவிலும் ஆபீசிலும் மழைமானி வைத்து ஆண்டாண்டாக மழையை எழுதி வைத்தார்கள். அதே மழையில் நனைந்தவர்கள் கையில் ஒரு வரி குறிப்பும் இல்லை.

இந்தத் தேயிலைத் தொழிலே ஒரு வீட்டுச் சோதனையாகத் தொடங்கியதுதான். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை வைத்தபோது அவரிடம் தொழிற்சாலை இல்லை. பங்களா விறாந்தையில் மேசை போட்டு, இலையைக் கையாலேயே உருட்டி, கரி அடுப்பின்மேல் கம்பித் தட்டில் காயவைத்துப் பார்த்தார்கள். டெய்லரின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. உருட்டிய கைகளின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை.

கோப்பி அழிந்த கதையிலும் இப்படி ஓர் எளிய சாமான் வருகிறது. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் துருப்போல மஞ்சள் தூள் தெரிந்தது. 1880இல் அதை ஆராய வந்த ஹாரி மார்ஷல் வார்ட் அப்போது இருபத்தைந்தைத் தாண்டிய இளைஞர். கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் பூசித் தோட்டத்தில் ஆங்காங்கே வைத்தார். காற்றில் வந்த தூள் அதில் ஒட்டிக்கொண்டது. நோய் காற்றில்தான் பரவுகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஈர இலைமேல் அந்தத் தூள் முளைவிட்டு, இலையின் கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குள் போவதையும் நுணுக்குக்காட்டியில் கண்டார். மலை மலையாக ஒரே செடியை நட்டதுதான் நோய்க்கு இவ்வளவு வேகம் கொடுத்தது என்றும் சொன்னார். கோப்பி அதற்குள் கைமீறிவிட்டது. ஒட்டுகிற எதையாவது பூசிய கண்ணாடித் துண்டை ஜன்னலில் வைத்துக் காற்றில் என்ன வருகிறது என்று பார்க்க எந்தப் பிள்ளையாலும் முடியும். தேங்காய் எண்ணெய் போதும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் இன்றைக்கு ரெஜிபோம் அட்டையில் வருகிறது. பாடசாலையில் ஒப்படை கொடுக்கிறார்கள். தாயோ தகப்பனோ அரை நாள் சம்பளத்தை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் ரெஜிபோம், கலர்த்தாள், பசை வாங்கி வருகிறார்கள். இரவு பத்து மணிவரை பெரியவர்கள் உட்கார்ந்து ஒட்டுகிறார்கள், பிள்ளை தூங்கிவிடுகிறது. வினாகிரியும் சோடாத்தூளும் பொங்குகிற எரிமலை ஒன்று எப்போதும் கண்காட்சியில் இருக்கும். இலங்கையில் எரிமலை கிடையாது. பின்பக்க மலை மழைக்கு இறங்குமா இறங்காதா என்று தெரியாமல் படுக்கிற பிள்ளைக்கு நாம் எரிமலை செய்துகொடுக்கிறோம். நானும் செய்துகொடுத்திருக்கிறேன், முதல் பரிசும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பரிசை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

காசில்லாத இடத்துக்கு விஞ்ஞானம் வராது என்பது பொய். யுனெஸ்கோ 1956இல் வெளியிட்ட விஞ்ஞானம் கற்பிக்கும் கைநூலுக்கு மூலம், இரண்டாம் உலகப் போரில் பாழான நாடுகளின் ஆசிரியர்களுக்காக எழுதிய ஒரு சிறுநூல். ஆய்வுகூடம் எரிந்துபோன ஊரில் தகரப் பேணியையும் போத்தலையும் வைத்துப் பாடம் நடத்தச் சொன்னது அது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் பதினாறு கிராமப் பள்ளிகளில் செய்து பார்த்துக் கற்கும் முறையைத் தொடங்கினார்கள். அதில் சேர்ந்த அரவிந்த் குப்தா என்ற பொறியியலாளர் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ரப்பரையும் கோத்து வடிவியல் கற்றுக்கொடுத்தார். அவருடைய புத்தகங்கள் தமிழிலும் வந்திருக்கின்றன. எங்கள் லயத்தில் குப்பைக்கும் தட்டுப்பாடில்லை.

அடுப்படியில் செய்தவை நிறைய. கொழுந்தை உள்ளங்கையில் கசக்கி வைத்தால் அரை மணியில் செப்பு நிறமாகும். அதே கொழுந்தைக் கொதிநீரில் முக்கி எடுத்துக் கசக்கினால் பச்சையாகவே நிற்கும். இலையில் உள்ள நொதி வெந்துபோவதால் காற்று பட்டும் நிறம் மாறுவதில்லை. கறுப்புத் தேயிலைக்கும் பச்சைத் தேயிலைக்கும் நடுவில் உள்ள வேறுபாடு அவ்வளவுதான். துருப்பிடித்த ஆணியைச் சாயத்தண்ணி என்கிற வெறுந்தேநீரில் ஓர் இரவு போட்டால் மை கிடைக்கும். பேத்தி தன் பெயரை முதலில் எழுதினது அந்த மையில்தான். எங்கள் ஊரில் பருப்பு ஏன் வேக நேரமாகிறது என்பதும் ஒரு பாடம். முந்நூறு மீற்றர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய ஒரு பாகை குறையும். 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 94இலேயே கொதித்துவிடும். சித்திரை வருடப் பிறப்புக்கு ஒரு கிழமை இருக்கையில், உச்சி வேளை பன்னிரண்டு மணி பத்து நிமிடத்தை ஒட்டி, வாசலில் நட்ட குச்சிக்கு நிழல் இல்லாமல் போகும். வருடத்துக்கு இரண்டே முறைதான். மறுமுறை செப்டெம்பரின் தொடக்கத்தில், அதுவும் மேகம் விட்டால்.

ஆனால் தவளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

லயத்துக்குப் பின்னால் அக்காவுக்கு ஒரு துண்டு மரக்கறித் தோட்டம். லீக்ஸ், கோவா, கொஞ்சம் உருளைக்கிழங்கு. முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்த கை இப்போது மண்ணைக் கிண்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் செடி ஓரத்தில் மக்கிய இலையை ஒதுக்கியபோது மண்ணோடு மண்ணாகச் சின்னச் சின்ன மணிகள் ஒட்டிக்கிடந்தன. ஜவ்வரிசி ஊறினதுபோல.

"தவளை முட்டை" என்றாள் அக்கா.

பேத்தி சிரித்தாள். "அப்பாயி, தவளை தண்ணியிலதான் முட்டை போடும். புஸ்தகத்துல படம் இருக்கு. முட்டை, வாற்பேத்தை, அப்புறம் தவளை."

"எனக்குப் புஸ்தகம் தெரியாது. இந்தத் தவளை மண்ணுலதான் பொறக்கும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எத்தனையோ வருடம் நான் அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்தவன். முட்டை, வால் முளைத்த குஞ்சு, கால் முளைத்தது, தவளை என்று வட்டமாக அம்புக்குறி போட்டு. அக்கா மண்ணில் பிறக்கும் தவளையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ஊர்ப்பேச்சு என்று ஒதுக்கியிருக்கிறேன்.

முட்டைகளை எடுக்கவில்லை. இந்த நாட்டில் தவளைகளைப் பிடிப்பதும் எடுத்து வைப்பதும் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் எடுக்கக் கூடாது. இலையை மறுபடி மூடி, பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, தினமும் சாயங்காலம் ஒரே ஒரு முறை மெல்லத் தூக்கிப் பார்ப்பது என்று பேசிக்கொண்டோம். பேத்தி ஒரு கொப்பியில் நாளுக்கொரு படம் வரைந்தாள். முதலில் வெறும் புள்ளி. பிறகு புள்ளிக்குள் ஒரு வளைவு. பிறகு அந்த வளைவுக்கு இரண்டு கறுப்புக் கண். மூன்று கிழமை தாண்டி ஒரு சாயங்காலம் இலையைத் தூக்கியபோது மண் குதித்தது. அரிசியளவு தவளைகள். வால் வைத்த குஞ்சு ஒன்றையும் நாங்கள் காணவில்லை. முட்டையிலிருந்து நேராகத் தவளை.

இது எங்கள் மலைநாட்டின் புதர்த்தவளைகளின் வழக்கம். பெண் தவளை ஈர மண்ணில் சிறு குழி பறித்து முட்டையிட்டு மண்ணோடு பிசைந்து விடுகிறது. சில இனங்கள் இலைக்கு அடியில் ஒட்டி வைக்கின்றன. வாற்பேத்தைப் பருவம் முழுவதும் முட்டைக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. இலங்கையில் இவ்வகைத் தவளை இத்தனை இனங்கள் உண்டு என்பது உலகத்துக்கே பிந்தித் தெரிந்த செய்தி. 2002இல் இலங்கை ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் எழுதிய பிறகுதான் இந்தச் சின்னத் தீவு தவளைகளின் பெரும் இருப்பிடம் என்று பேசப்பட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட இனங்களுக்கு இன்று பெயர் உண்டு. பதினைந்துக்கும் மேற்பட்டவை அழிந்துவிட்டதாகப் பதிவாகிவிட்டன. காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் வைத்ததில் போனவை அவற்றில் எத்தனையோ. வெட்டிய கைகளும் எங்கள் கைகள்தான்.

புத்தகத்துப் படம் பொய்யில்லை. பீலிக்கரைக் குட்டையில் வாற்பேத்தைகள் இருந்தன. பேத்தி அதையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வட்டத்தை இரண்டாக வரைந்தாள், ஒன்றில் வால் உண்டு, ஒன்றில் இல்லை. பாடசாலை திறந்து பரீட்சை வந்தால் எந்த வட்டத்தை எழுதுவது என்று என்னைக் கேட்டாள். இரண்டையும் எழுது, மார்க் போனால் போகட்டும் என்றேன். ஆசிரியனாக இருந்த காலத்தில் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

அக்காவின் முகத்தை அன்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். படிப்பில்லாதவள் என்று ஆயுசு முழுக்கக் கேட்டவள். பேத்தி அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில், 'கண்டுபிடித்தவர்: அப்பாயி' என்று ஆணி மையில் எழுதி வைத்தாள்.

குளவிக் கதையும் அக்காவால் வந்ததுதான். தோட்டத்தில் குளவி என்றால் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். கொட்டுப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாத கிழமை கிடையாது, செத்தவர்களும் உண்டு. தேயிலை இலைகளைப் பட்டு நூலால் ஒட்டிச் சுருட்டி உள்ளே குடியிருக்கும் ஒரு புழுவை அக்கா காட்டினாள். இலையோடு ஒரு ஜாம் போத்தலில் போட்டு, மெல்லிய துணியால் வாய் கட்டினோம். அந்துப்பூச்சி வரும் என்று காத்திருந்தால் வந்தது ஒரு கொத்து மெல்லிய பூச்சிகள், நூல்போல இடுப்பு, நீண்ட மீசை. அவையும் குளவி வகை. மனிதரைக் கொட்டாது; புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதைத் தின்று வளர்கிறது. இந்தப் புழு தேயிலையைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்த 1930களின் நடுப்பகுதியில், 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஜாவாவிலிருந்து இப்படி ஒரு சின்னக் குளவி இனத்தைக் கொண்டுவந்து விட்டது. மருந்தடித்து முடியாத காரியத்தை அது செய்தது. எங்கள் போத்தலில் வந்தது அதேதானா என்று சொல்லும் படிப்பு எனக்கில்லை. குளவி என்றால் ஒரே குளவி இல்லை என்று பிள்ளைக்குத் தெரிந்தது.

இந்தச் சோதனைகளில் அவதானம் வேண்டும். மருந்தடித்த மலையின் இலையைப் பிள்ளைகள் தொடக்கூடாது. எந்த மலைக்கு எப்போது அடித்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கொழுந்து கிள்ள வேண்டும். பெரிய குளவிக் கூடு இருக்கும் பாறைப்பக்கமோ மரத்தடியோ போகக் கூடாது. கண்ணாடி, நெருப்பு, கொதிநீர் மூன்றும் பெரியவர் கையில். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். அட்டைக்கு மட்டும் பயப்பட வேண்டாம், அதையும் ஒரு போத்தல் தண்ணீரில் விட்டு எப்படி நகர்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி புல்லில் விடலாம்.

நேரம் எங்கே என்று தாய்மார் கேட்பார்கள். ஏழு மணிக்கு மலைக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்பி, தண்ணீர் சுமந்து, ரொட்டி தட்டி, துணி துவைத்துப் படுக்கிறவளிடம் பிள்ளையோடு சோதனை செய் என்று சொல்வது கொடுமை. நான் அதைச் சொல்லவில்லை. லயத்தில் என்னைப்போல, அக்காவைப்போல வேலை விட்டவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறோம். பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் குந்தியிருந்து, தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் போதும். அது எங்களுக்கு முடியும்.

கடைசியாக மழை. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

வைகாசி தொடங்கினால் எங்கள் பக்கம் மழை வானத்திலிருந்து இறங்கி வீட்டுக்குள் உட்கார்ந்துவிடும். வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றரைத் தாண்டிப் பெய்கிறது. அதே நாட்களில் பட்டிப்பொலை தாண்டிச் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் ஒஹியாவில் ரயிலை விட்டு இறங்கினால் வெயில் அடிக்கும். பேத்தி ஒன்றரை லீற்றர் போத்தலை வெட்டினாள். மேல் பாதியைத் தலைகீழாகப் புனல்போலச் செருகினாள். அடியில் கூழாங்கல் போட்டு, போத்தலின் சுவர் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி அதைச் சுழியம் என்று வைத்தாள். அதிலிருந்து மேலே அடிமட்டத்தைப் பார்த்து மில்லிமீற்றர் கோடு போட்டாள். லயத்தின் தகரக் கூரைத் தாழ்வாரத்துக்கு எட்டத்தில், மரம் மறைக்காத இடத்தில் கல் அடுக்கி நிறுத்தினோம். தினமும் காலையில் தாய் மலைக்குக் கிளம்பும் நேரத்தில் பார்த்து எழுதிவிட்டு, சுழியத்துக்கு மேலுள்ளதை ஊற்றிவிட வேண்டும்.

ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். எங்கள் லய அறை, காம்பிரா, பத்துக்குப் பன்னிரண்டு அடி, பதினொரு சதுர மீற்றர் சொச்சம். 100 மில்லிமீற்றர் பெய்த ஓர் இரவில் எங்கள் தலைக்கு மேல் மட்டும் ஆயிரத்து நூறு லீற்றர் இறங்கியிருக்கிறது. பெரிய வாளியால் ஐம்பத்தைந்து வாளி. இந்தக் கணக்கைப் போட்டதும் பேத்தி கூரையைப் பார்க்கவில்லை. பின்பக்க மலையைப் பார்த்தாள்.

மீரியபெத்தயை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. கொஸ்லந்தைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது வீடும் இல்லை வீட்டார் பலரும் இல்லை. அந்த இடம் ஆபத்து, ஆட்களை எழுப்புங்கள் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை போயிருந்தது. மண்சரிவைக் கவனிக்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று எண்களை வைத்திருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இரு, 100 என்றால் தயாராக இரு, 150 என்றால் எழுந்து போய்விடு. இந்த மூன்று எண்களும் எங்கள் லயத்துக்குத்தான் எழுதியவை. ஆனால் எங்கள் கூரைமேல் எவ்வளவு பெய்தது என்று சொல்ல எங்களிடம் எதுவும் இருந்ததில்லை. பங்களாவின் மழைமானி பங்களாவின் மழையைச் சொல்லும். மலையில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் மழை வேறு.

பேத்தியின் மழைக் கொப்பி இப்போது இரண்டாவது நடக்கிறது. விடாமழை இரவுகளில் பக்கத்துக் காம்பிராக்காரர்கள் டோர்ச் லைட்டோடு வந்து, "பாப்பா, எத்தனை?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

லயத்தில் இருக்கும் பெரியவர்களை, வேலை விட்டு வீட்டில் இருப்பவர்களைக் கேட்கிறேன். இந்தக் கிழமை ஒரு வெறும் போத்தலை வெட்டி உங்கள் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். கோடுகளைப் பிள்ளையே போடட்டும், கோணினாலும் பரவாயில்லை, நீங்கள் பக்கத்தில் குந்தியிருந்து எண்ணிச் சரிபாருங்கள். 75, 100, 150 மூன்றையும் சிவப்பில் போடச் சொல்லுங்கள். ராத்திரி மழையில் தண்ணீர் மூன்றாவது கோட்டைத் தொட்டுவிட்டது என்று பிள்ளை வந்து சொன்னால், படு என்று அதட்டாதீர்கள். எழுந்து லயம் முழுவதும் கதவைத் தட்டுங்கள்.